புலம்பெயர்ந்த குடும்பங்களும் கால்பந்துத் திடலும்

பிழைப்பைத் தேடி வேற்றூருக்குச் சென்ற குடும்பம் அவ்வூராரோடு எவ்வாறு பழகத் தொடங்குகிறது என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் தொழில், மொழி, மணவுறவு, வழிபாடு ஆகியவற்றையே எண்ணிப் பார்க்கின்றனர். மாலை நேரத்து விளையாட்டை அவ்வரிசையில் வைத்துப் பேசுவோர் குறைவு. தொழில் நடக்கும் இடத்தில் ஏவுவோர், ஏவப்படுவோர் என்னும் படிநிலை உண்டு. மொழியைக் கற்க ஆண்டுகள் ஆகும். மணவுறவு சாதியும் சமயமும் காவல் காக்கும் வாசலாகவே பல தலைமுறைகள் வரை நீடிக்கும். கோயிலோ தம்மவரைத் தம்மவரோடு சேர்ப்பதில் வல்லதே அன்றி, பிறரை உள்ளே அழைப்பதில் அவ்வளவு வல்லது அன்று. இவை அனைத்துக்கும் முன்பாகவே, வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, புதியவரின் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடக்கூடிய இடம் ஆடுகளம். அந்த இடம் உண்மையில் எவ்வளவு தூரம் மனிதரை நெருக்குகிறது, எங்கே அதன் ஆற்றல் தீர்ந்து போகிறது என்பதை மலாயாவுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் கால்பந்து வரலாற்றை முன்னிறுத்தி ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பரளச்சி என்னும் இவ்வூரில் இப்பொருளைப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றுப்புறமாக விரிந்து கிடக்கும் இக்கரிசல் நிலம், ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கி, அந்த நீர் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாளே வெள்ளாமை என்று வாழும் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் குதிரைவாலியும் விளைந்த ஆண்டுகளில் ஊர் நிறைந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின்னர், பழைய மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ச் சீமைகளின் உழைப்பாளர் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் பர்மாவின் நெல்வயல்களுக்கும் மலாயாவின் ரப்பர்க் காடுகளுக்கும் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தனர். எனவே, சென்ற இடத்தில் அந்நியராக நிற்பது என்னவென்று இந்நிலத்துக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

மலாயாப் பெயர்வு இரு முறைகளில் நடந்தது. முதலாவது, குறிப்பிட்ட ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துச் செல்லும் சஞ்சிக்கூலி முறை. இது 1910இல் அங்கு ஒழிக்கப்பட்டது. இரண்டாவது, தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்யும் கங்காணி முறை. அழைப்பவர் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருந்ததால், தனி ஆட்களாகப் போன நிலை மெல்ல மாறி, மனைவி மக்களோடு குடும்பமாகப் போகும் வழக்கம் இம்முறையில்தான் வலுப்பெற்றது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் நோய்க்காப்புத் தங்கலை முடித்து, பின்னர் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்ட இக்குடும்பங்களின் நினைவில் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜூலா' கப்பலுக்குத் தனியிடம் உண்டு. 1938இல் இந்திய அரசு உடலுழைப்பாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்த போது இந்த ஓட்டம் பெரிதும் நின்றது. அதற்குள் மலாயாவில் பிறந்து மலாயாவிலேயே வளர்ந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்தது.

அத்தலைமுறை வளர்ந்த உலகம் மிகச் சிறியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்து வீடுகள், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கிராணி என்று அழைக்கப்பட்ட எழுத்தரின் அலுவலகம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி என எல்லாமே தோட்டத்து எல்லைக்குள் அடங்கியிருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று கட்டளையிட்டது நன்மையே. ஆயினும் அப்பள்ளி தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளையோடு மட்டும் உட்கார வைத்தது. மலாய்ப் பிள்ளை கம்பத்தில், அதாவது மலாய்க்காரரின் கிராமத்தில், வேறு பள்ளியில் படித்தது. சீனப் பிள்ளை நகரத்துக் கடைவீதியின் பின்னே இன்னொரு பள்ளியில் படித்தது. பர்மாவில் பணியாற்றிய ஆங்கிலேய ஆய்வாளரான ஃபர்னிவால், இத்தகைய குடியேற்ற நாட்டுச் சமூகத்துக்குப் பன்மைச் சமூகம் என்னும் கருத்தை வகுத்தார். பல இனத்தார் ஒரே ஆட்சியின் கீழ் அருகருகே வாழ்வர். ஆனால் வாங்கவும் விற்கவும் சந்தையில் கூடுவதைத் தவிர, ஒருவர் வாழ்வில் மற்றொருவருக்கு இடமிராது என்பது அதன் சாரம். அவருடைய நூல்கள் பர்மாவையும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளையும் முதன்மையாகக் கொண்டவையாயினும், மலாயாவும் அந்த இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்திய நாடே.

சந்தையைத் தவிர வேறு கூடுமிடமே இல்லை என்று ஃபர்னிவாலைப் படித்தவர் முடிவு செய்தால், அவர் தோட்டத்துத் திடலைக் கணக்கில் சேர்க்கத் தவறியவராவார். பால்மரத்தைச் சீவும் வேலை விடியற்காலையில் தொடங்கி, ஒழுகிய பாலைச் சேகரித்து நிறுத்துக் கொடுப்பதோடு நண்பகல் அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும்; வெயிலேற ஏறப் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். ஆகவே வயலில் பொழுது சாயும் வரை குனிந்து நிற்கும் உழவருக்கு வாய்க்காத ஒன்று ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளருக்கு வாய்த்தது. அதுதான் வெளிச்சமுள்ள மாலைப் பொழுது. அந்தப் பொழுதில்தான் திடலில் பந்து உருண்டது. வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு ஆதரவு காட்டியமைக்கு அன்பு மட்டுமே காரணம் ஆகாது. விளையாடும் இளைஞன் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான், மறுநாள் பெரட்டுக்குத் தெளிவான தலையோடு வருவான் என்னும் கணக்கும் அதில் இருந்தது. கணக்கு எவருடையதாயினும், திடலில் ஆடியவர்களின் மகிழ்ச்சி அவர்களுடையதே. ஞாயிறு மாலையில் பக்கத்துத் தோட்டத்தோடும், பக்கத்துக் கம்பத்தோடும், நகரத்துப் பள்ளி அணியோடும் ஆட்டம் வைத்தபோது, தோட்டத்து எல்லையைத் தாண்டி வேலை நிமித்தம் அல்லாமல் ஒருவர் இன்னொருவரைத் தேடிச் செல்லும் வழக்கம் முதன்முறையாக உருவாயிற்று.

கால்பந்து ஏன் இதற்கு ஏற்றதாயிற்று என்பதையும் இங்கே கூற வேண்டும். சடுகுடுவுக்குப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டுக்கு மொழி வேண்டும். கிரிக்கெட்டுக்கு மட்டையும் காப்பும் நெடும்பொழுதும் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்தும், கோல் என்று ஊன்றிய இரண்டு கம்பும் போதும். லண்டனில் 1863இல் எழுதப்பட்டு, பின்னர் 17 விதிகளாக ஒழுங்கு செய்யப்பட்ட ஆட்ட முறை உலகெங்கும் ஒன்றேயாதலால், மலாய் தெரியாத தமிழரும் தமிழ் தெரியாத மலாய்க்காரரும் ஒரு சொல்லும் பேசாமலே முழு ஆட்டத்தையும் ஆடி முடிக்க முடியும். காலணிகூடக் கட்டாயம் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்ற கணக்கில்தான் தோற்றனர், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். காசில்லாதவரை வாசலில் நிறுத்தாத விளையாட்டு என்பதே புலம்பெயர்ந்த குடும்பத்துக்குக் கால்பந்து தரும் முதல் வசதி.

ஆயினும், மலாயாவில் இந்த விளையாட்டு வளர்ந்த முறையை உற்றுநோக்கினால் ஒரு முரண் தெரிகிறது. நகரங்களில் தோன்றிய மன்றங்கள் இனவாரியாகவே அமைந்தன. கோலாலம்பூரில் வெள்ளையருக்குச் சிலாங்கூர் கிளப், சீனருக்குச் சீனப் பொழுதுபோக்கு மன்றம், மலாய்க்காரருக்குச் சுல்தான் சுலைமான் கிளப் என்றிருக்க, யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பணிக்கு வந்த தமிழர் 1914இல் தமிழர் உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினர். கழகம் என்பது தம்மவருக்குத் துணையாக இருந்தது. அதே வேளையில் பிறரைக் களத்தின் எதிர்ப் பாதியில் நிறுத்தியது. தமிழர் அணியும் சீனர் அணியும் மோதும் நாளில் பார்வையாளர் யார் பக்கம் நிற்பார் என்பதை எவரும் கேட்டறிய வேண்டியதில்லை. இப்படிச் சந்திப்பதும் ஒரு வகையில் அறிமுகமே என்று கூறலாம். ஆனால் அறிமுகம் நட்பாவதற்கு அது போதாது.

இவ்வேறுபாட்டை அண்மைக் காலத்து ஆய்வுகள் தெளிவாக அளந்து காட்டியுள்ளன. மாத்யூ லோ என்னும் பொருளியலாளர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் 1,261 இளைஞரைக் கொண்டு கிரிக்கெட் தொடர் நடத்தி, சிலரை ஒரே சாதி அணியிலும் சிலரைப் பல சாதி கலந்த அணியிலும் குலுக்கல் முறையில் சேர்த்தார். 2021இல் வெளிவந்த முடிவின்படி, ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அவ்விளைவு தோன்றவில்லை, நட்பு குறையவும் செய்தது. கால்பந்துக்கும் பெயர்ந்த குடும்பங்களுக்கும் இன்னும் நெருக்கமான ஆய்வு ஈராக்கில் சல்மா மூசா என்னும் அரசியல் அறிவியலாளர் நடத்தி 2020இல் வெளியிட்டது. ஐ.எஸ். படையினரால் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கிறித்தவரின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முசுலிம் ஆட்டக்காரர் சேர்க்கப்பட்டனர். ஏனையவை கிறித்தவர் மட்டுமே கொண்டவையாக விடப்பட்டன. தொடர் முடிந்து மாதங்கள் கழிந்த பின்னரும் கலப்பு அணியில் ஆடிய கிறித்தவர், முசுலிம்களோடு பயிற்சி செய்வதையும் அடுத்த பருவத்தில் கலப்பு அணியிலேயே சேர்வதையும் மற்றவரைவிட அதிகம் விரும்பினர்.

அதே ஆய்வின் மறுபாதியை மறைத்துக் கூறினால் அது நேர்மையாகாது. களத்தில் உருவான அந்த நெருக்கம் களத்துக்கு வெளியே அவ்வளவாக நகரவில்லை. முசுலிம் பெரும்பான்மை நகரமான மோசூலுக்குச் சென்று உணவகத்தில் சாப்பிடுவதிலும், இரு சமயத்தாரும் கூடும் விழாவுக்கு வருவதிலும் அவர்களிடம் பெரிய மாற்றம் காணப்படவில்லை. தெரிந்த முகத்தோடு உறவாடுவது வேறு, தெரியாத கூட்டத்தை நம்புவது வேறு. கால்பந்து முன்னதை விரைவாகச் செய்துவிடுகிறது. பின்னதற்கு வேறு பலவும் வேண்டியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று சமமான தகுதி, பொதுவான குறிக்கோள், கூடிச் செய்யும் முயற்சி, அதற்குப் பின்னால் நிற்கும் அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் வாய்த்தாலே பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் வகுத்த கொள்கையும் இதையே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது.

இந்த நோக்கில் மலாயாவின் வரலாற்றைத் திரும்பப் பார்த்தால், தமிழரைப் பிறரோடு உண்மையில் சேர்த்தது இனவாரி மன்றம் அன்று, மாநில அணியே என்பது விளங்கும். 1921ஆம் ஆண்டு 'எச்.எம்.எஸ். மலாயா' என்னும் போர்க்கப்பல் துறைமுகங்களுக்கு வந்து சென்றபோது, அதன் மாலுமிகள் நன்றிக்கடனாகக் கோப்பை ஒன்றைக் கால்பந்துக்கென வழங்கினர். அவ்வாண்டே தொடங்கிய மலாயாக் கோப்பைப் போட்டியின் முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. 1967 முதல் அது மலேசியக் கோப்பை ஆயிற்று. மாநிலத்தின் பேரால் ஆட வேண்டியிருந்ததால், தேர்வாளர் இனத்தைக் கடந்து ஆட்டக்காரரைத் தேடினர். சிலாங்கூரின் சட்டையை அணிந்த தமிழருக்காகச் சிலாங்கூர் மலாய்க்காரர் கைதட்டினர். சிங்கப்பூரின் தமிழரை எதிர்த்துச் சிலாங்கூர்த் தமிழர் கூச்சலிட்டனர். பிறந்த இனத்தை வைத்து அணி பிரிந்த நிலை மாறி, குடியிருக்கும் இடத்தை வைத்து அணி பிரிந்த இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும், வந்தேறி என்று அழைக்கப்பட்ட குடும்பத்துக்கு அது மிகப் பெரியது. எந்த மண்ணிலிருந்து வந்தார் என்னும் கேள்வியின் இடத்தில், எந்த மண்ணுக்காக ஆடுகிறார் என்னும் கேள்வி வந்து நின்றது.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்ற செய்தி அறிவிக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கமும் அடிப்படையில் விளையாட்டரங்கமே. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்த மெர்டேக்காக் கால்பந்துப் போட்டி அவ்வாண்டே அங்கு நடந்தது. இந்தியாவும் இப்போட்டியில் பங்கேற்று 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் பெற்றது. தந்தையின் நாட்டு அணியும் மகனின் நாட்டு அணியும் ஒரே போட்டியில் கலந்துகொண்ட அந்த ஆண்டுகளில், குடிபெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றின் உள்ளேயும் யாருக்காகக் கைதட்டுவது என்னும் கேள்வி எழுந்திருக்கக் கூடியது இயல்பே. அக்கேள்விக்குத் தந்தை ஒரு விடையும் மகன் ஒரு விடையும் கூறும் நாளில்தான் பெயர்வு முடிந்து குடியேற்றம் தொடங்குகிறது.

1969ஆம் ஆண்டு இவ்விவாதத்தில் தனியே நிறுத்திப் பேசத்தக்கது. அவ்வாண்டு மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அதே காலத்தில் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், பல்லாண்டுகள் அந்த மண்ணில் உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த இந்தியத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். அவ்வாண்டே சூலையில், உலகின் மறுகோடியில், எல் சால்வடோருக்கும் ஹோண்டுராசுக்கும் இடையில் ஏறத்தாழ 100 மணி நேரம் நீடித்த போர் மூண்டது. உலகக் கோப்பைத் தகுதியாட்டங்களில் எழுந்த வெறி அப்போருக்கு முன்னுரையாக அமைந்ததால் அது கால்பந்துப் போர் என்றே பெயர் பெற்றது. ஆனால் அதன் வேர் விளையாட்டில் இல்லை. பிழைப்புக்காக ஹோண்டுராசில் குடியேறி நிலம் உழுதுகொண்டிருந்த ஏறத்தாழ 3 லட்சம் சால்வடோர் மக்களை நிலச் சீர்திருத்தத்தின் பேரால் வெளியேற்றத் தொடங்கியதே உண்மைக் காரணம். குடியேறியவரின் நிலவுரிமையும் வேலையுரிமையும் பறிபோகும் இடத்தில் பந்து எதையும் காப்பாற்றுவதில்லை. கொழுந்து விட்டெரிய ஒரு சாக்காகவே அது அங்கே பயன்பட்டது. விளையாட்டின் நன்மையைப் பாடுவோர் இந்த 1969ஐ மறந்துவிடக் கூடாது.

கோலாலம்பூர்க் கலவரம் முடிந்து மூன்றே ஆண்டுகளில் மலேசிய அணி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான். மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும் மொராக்கோவிடம் 0-6 என்றும் தோற்ற அந்த அணி, அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1974 தெகரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டின் அணியை இன்றும் மலேசியர் பெயர் பெயராகச் சொல்வர்: முன்வரிசையில் மொக்தார் டகாரி, பின்வரிசையில் சோ சின் ஆன், அவருக்குத் துணையாகச் சந்தோக் சிங், அவர்களுக்குப் பின்னால் கோல் காவலராக ஆர். ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், பஞ்சாபியர், தமிழர் என நான்கு வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் தவறினால் மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடங்கள். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடித்த ஆறுமுகத்துக்கு இரசிகர் சூட்டிய பெயர் ஸ்பைடர்மேன். 1988 திசம்பரில் அவர் சாலை விபத்தில் மறைந்தபோது வருந்தியது ஓர் இனம் மட்டும் அன்று. 1980இல் தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கில் 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், அரசியல் காரணத்தால் மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்ததால் ஆட முடியாமற்போன அந்த அணியின் கதையைத் தழுவி 2016இல் 'ஓலா போலா' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் கோல் காவலர் ஒரு தமிழ் இளைஞர்.

அணியில் ஆறுமுகம் இருந்ததால் தோட்டத்துக் குடும்பத்தின் கூலி ஒரு காசும் உயரவில்லை என்று எவரேனும் எதிர்வாதம் செய்தால் அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பெயர் வானொலியில் ஒலித்தபோது, மலாய்க்காரரின் தேநீர்க் கடையில் தமிழர் ஒருவருக்கு உட்கார இடம் கிடைத்தது என்பதும், பேச ஒரு பொருள் கிடைத்தது என்பதும் குறைத்து மதிக்கத்தக்கவை அல்ல. அந்நியரோடு பேச்சைத் தொடங்குவதற்கு மழையும் பந்தும்தான் எந்நாட்டிலும் எளிய வழி. மழையைப் பற்றிய பேச்சு இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். பந்தைப் பற்றிய பேச்சு மறுநாளும் தொடரும்.

பின்னர் நேர்ந்தது வருந்தத்தக்கது. 1950களிலேயே தொடங்கிய தோட்டத் துண்டாடல், அதாவது பெருந்தோட்டங்களைக் கூறு போட்டு விற்கும் வழக்கம், குடும்பங்களை வேலையும் வீடும் இல்லாதவராக்கியது. அதைத் தடுக்கவே அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு இரண்டாம் முறை பெயர்ந்த குடும்பங்கள் கோயிலைத் தம்மோடு எடுத்துச் சென்றன. திடலை எடுத்துச் செல்ல வழியில்லை. அணிகளில் தமிழ்ப் பெயர்கள் குறைந்ததற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும், ஆடிப் பழக நிலமே இல்லாமற்போனது அவற்றுள் முதலாவதாக எண்ணத்தக்கது. அக்குறைவின் நடுவே, கோலாலம்பூரைச் சேர்ந்த கே. ராஜகோபால் பயிற்றுநராகப் பொறுப்பேற்று, 2009 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கமும், 2010 தென்கிழக்காசிய வாகையர் கோப்பையின் இறுதியில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்ற வெற்றியும் மலேசியாவுக்குத் தேடித் தந்தார். சிங்கப்பூரில் வி. சுந்தரமூர்த்தி ஆட்டக்காரராகப் புகழ்பெற்றுப் பின்னர் அந்நாட்டு அணியின் பயிற்றுநரும் ஆனார். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் எழுந்த அணி 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு நாட்டின் முதல்நிலைப் போட்டியில் இடம் பெற்றது. 2022க்குப் பின் விலகிக்கொண்டது.

இதுவரை கூறிய வரலாற்றில் பெண்கள் எங்கே என்னும் கேள்வி கேட்கப்பட வேண்டும். குடும்பம் பெயர்ந்தது என்று கூறும்போது பாதிக் குடும்பம் பெண்கள். திடலுக்கு வந்ததோ ஆண்கள். பால்மரம் சீவித் திரும்பிய பெண்ணுக்கு அதே நண்பகல் ஓய்வு கிடைக்கவில்லை. அடுப்பும் துணியும் குழந்தையும் காத்திருந்தன. அவள் அண்டை வீட்டாரோடு உறவு கொண்டது குழாயடியிலும் மருத்துவமனையிலும் சந்தையிலும்தான். எனவே கால்பந்து குடும்பங்களை இணைத்தது என்று பொதுப்படச் சொல்வதைவிட, குடும்பத்து இளைஞரை இணைத்தது, அவர்கள் வழியே வீட்டுக்குள் சில நண்பர்கள் வந்தனர் என்று சொல்வதே சரியாகும். இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இந்திய மகளிர் அணிக்குச் செல்லும் பெண்களைக் காணும்போது, அந்தப் பழைய வரம்பு மீறக்கூடியதே என்பது தெரிகிறது. இனி ஏற்படுத்தும் எந்தத் திடலிலும் பெண்பிள்ளைக்குரிய மாலை நேரம் தனியே ஒதுக்கப்பட வேண்டும். அது தானாக வாய்ப்பதில்லை.

மலாயாவின் இந்த வரலாறு பரளச்சிக்குத் தொலைவான செய்தி அன்று, ஏனெனில் இன்று பெயர்வின் திசை மாறியிருக்கிறது. அருப்புக்கோட்டை, இராசபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் மாநிலத்து இளைஞர் வேலை செய்கின்றனர். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து இன்னொரு கண்மாய்க் கரைக்குப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன. ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிக் குடும்பங்கள் எவ்வூரிலும் சில வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. இவர்களுக்கெல்லாம் மேலாக, இதே மாவட்டத்து மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை போன்ற இடங்களில் ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் முகாம்களில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவருகின்றன. அகதிகள் முகாம் என்னும் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. மன்னாரும் யாழ்ப்பாணமும் கால்பந்தில் ஊறிய நிலங்கள். அசாமும் வங்காளமும் அவ்வாறே. கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் ஆடும் இவ்வட்டாரத்து இளைஞருக்குக் கால்பந்தைக் கற்றுத்தரும் தகுதி, வந்திருக்கும் இவ்விருந்தினரில் பலருக்கு உண்டு. புதியவர் கற்பிப்பவராகவும் ஊரார் கற்பவராகவும் நிற்கும் வாய்ப்பு ஆலையிலும் கரிமூட்டத்திலும் ஒருநாளும் வாய்க்காது. ஆல்போர்ட் கூறிய சமமான தகுதி என்பது இங்கேதான் கைக்கு எட்டுகிறது.

இடத்துக்கும் பஞ்சம் இல்லை. பங்குனி முதல் புரட்டாசி வரை வறண்டு கிடக்கும் கண்மாய் உள்வாயும், ஊருக்குப் பொதுவான மந்தைப் பொட்டலும் திடலாவதற்குத் தடையில்லை. பந்துக்கும் வழி உண்டு. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கப்பட்டன. கவனம் வேண்டுவது அணி பிரிப்பதில்தான். ஊராருக்கு ஓர் அணி, வடநாட்டாருக்கு ஓர் அணி, முகாமுக்கு ஓர் அணி என்று பொங்கல் விளையாட்டு விழாவில் ஒருநாள் மோதவிட்டுக் கோப்பை கொடுத்தனுப்பினால், மாத்யூ லோ அளந்து காட்டிய அதே தவறு இங்கும் நடந்துவிடும். தோற்ற அணிக்கு மனக்கசப்பும் மிஞ்சும். தெருவாரியாக அல்லாமல் குலுக்கிப் பிரித்த அணிகளாக, ஒவ்வோர் அணியிலும் இரண்டு மூன்று புதியவர் இருக்கும்படியாக, ஒரு நாளில் முடியாமல் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் நடக்கும்படியாக ஆட்டத்தை அமைப்பதே இதுவரை கண்ட சான்றுகள் காட்டும் வழி. ஊருக்குள்ளேயே சாதித் தெருக்கள் தனித்தனி அணி வைத்திருக்கும் இடங்களில் அந்தக் குலுக்கல் புதியவருக்கு மட்டும் பயன்படுவதோடு நில்லாது.

பெயர்ப் பட்டியலை எழுதும் கையே இதில் முதன்மையானது. குடும்ப அட்டை உள்ளூரில் உள்ளவர் பெயரையே பட்டியலில் ஏற்றுவது என்று ஊராட்சியோ இளைஞர் மன்றமோ முடிவெடுத்தால், கரிமூட்டக்காரரின் மகனும் முகாமில் பிறந்து வளர்ந்த மகளும் கண்மாய்க் கரையில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். சிலாங்கூரின் தேர்வாளர் நூறாண்டுக்கு முன் செய்ததுபோல, பிறந்த ஊரைக் கேட்காமல் இப்போது குடியிருக்கும் ஊரைக் கேட்டுப் பெயர் எழுதினால், பரளச்சியின் அணியில் ஒடிசாவின் பெயரும் மன்னாரின் பெயரும் இடம்பெறும். திருச்சுழியோடு ஆட்டம் வைக்கும் நாளில் அப்பெயர்களைச் சொல்லி ஊக்கமூட்டப் போவது பரளச்சியாரே.